சாட்சியில்லாத வாக்கு

கடவுளை நம்பாதவனிடம் கேட்கப்படும் கேள்விகளில் மிகப் பழையதும் மிக நேர்மையானதுமான கேள்வி ஒன்று உண்டு. 'மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற எண்ணம் இல்லையென்றால், நீ எதற்காக ஒழுங்காக இருக்க வேண்டும்?' ஆசிரியர் ஓய்வறையில் சக ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். திருமண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து உறவினர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர் முகத்தில் ஏளனம் இருப்பதில்லை. பெரும்பாலும் உண்மையான கவலைதான் இருக்கும். ஆகவே இக்கேள்வியை நான் சிரித்துத் தள்ளுவதில்லை.

இதே கேள்வியைத் தத்துவ வரலாற்றில் மிகக் கடுமையாகக் கேட்டவர் ஜான் லாக். 1689இல் வெளிவந்த சமயப் பொறை குறித்த தம் கடிதத்தில், மாற்றுச் சமயத்தாரை அரசு துன்புறுத்தக் கூடாது என்று அவர் வாதிட்டார். அக்காலத்துக்கு அது பெரிய துணிச்சல். ஆனால் அந்தப் பொறையின் எல்லைக்கு வெளியே அவர் நிறுத்தியவர்களில் நாத்திகர்களும் உண்டு. அதற்கு அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. மனித சமுதாயத்தைக் கட்டி வைத்திருப்பவை வாக்குறுதியும் ஒப்பந்தமும் ஆணையும். கடவுளை மறுப்பவனை இவை எவையும் கட்டா என்பது அவர் கருத்து. நாத்திகன் கெட்டவன் என்றோ, குடிகாரன் என்றோ லாக் சொல்லவில்லை. அவன் சொல்லை நம்ப முடியாது என்றார். அவ்வளவுதான், ஆனால் அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு ஏது?

லாக்கின் அச்சம் நமக்கும் அந்நியமானதல்ல. நம் ஊர்களில் கொடுக்கல் வாங்கல் தகராறு முற்றினால் கோயில் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பது ஊரின் உறுதி. இந்த ஏற்பாட்டில் ஒரு சாட்சி இருக்கிறார், அவரே நீதிபதி, அவரே தண்டனையை நிறைவேற்றுபவரும். அந்தச் சாட்சியை நீக்கிவிட்டால் சொல்லுக்கு என்ன பிணை? இக்கட்டுரையில் நான் யோசிக்க விரும்புவது இந்த ஒரு கேள்வியைத்தான். இருபதாம் வயதில் இதற்கு என்னிடம் ஒரு சொற்பொழிவே இருந்தது. நாற்பதைக் கடந்தபின் இருப்பது சில அனுபவங்களும், அவற்றைத் தொடுத்துப் பார்க்கும் முயற்சியும் மட்டுமே.

*

தமிழ் இலக்கியம் கற்பிப்பவன் என்பதால் ஒரு துணைச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் இறைமறுப்பாளனின் குரல் மிகப் பழையது. ஆனால் நம் பழைய நூல்களில் அவன் எப்போதும் தோற்றுப்போகவே வருகிறான். மணிமேகலையில், வஞ்சி நகரத்தில் சமயவாதிகளை வரிசையாகச் சந்திக்கும்போது பூதவாதியையும் அவள் சந்திக்கிறாள். சில பொருள்களைச் சேர்த்தால் கள்ளில் களிப்பு பிறப்பதைப்போல, பூதங்களின் சேர்க்கையில் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் அழிகிறது, கண்ணால் கண்டதே அளவை என்கிறான் அவன். மணிமேகலை சிரித்துவிட்டு, 'உன் தாய் தந்தையர் இன்னார் என்பதைக் காட்சியாலா அறிந்தாய், கருத்தாலா?' என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்கிறாள். அத்துடன் அவன் கதை முடிகிறது. பதில் சொல்ல அவனுக்கு வாய்ப்பே இல்லை.

நீலகேசியில் நிலைமை இன்னும் மோசம். அதன் இறுதிச் சருக்கம் பூதவாதிக்கு உரியது. நீலகேசி முன்பு பேயாக இருந்து சமணம் தழுவியவள். பேயும் ஆவியும் இல்லை என்று வாதிடுபவனுக்கு அவள் தன் பழைய பேயுருவைக் காட்டி அச்சுறுத்துகிறாள்; அவன் ஒப்புக்கொள்கிறான். அளவை நூலில் இதை எந்தப் பிரமாணத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சிவஞானசித்தியார் பரபக்கமும் உலகாயதனை மறுத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்குகிறது. எதிரியின் நூல்களில் மட்டுமே உயிரோடிருக்கும் ஒரு கட்சி அது.

தன் குரலிலேயே அது அச்சில் பேசத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை 'தத்துவவிவேசினி' என்ற இதழை நடத்தினார்கள். இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா நடத்திய இயக்கத்தோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்தது. அந்த பிராட்லாவின் வரலாறே லாக்கின் கேள்விக்கு ஒரு விளக்கவுரை போன்றது. 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், கடவுள் பெயரால் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார். மறுக்கப்பட்டது. தொகுதி மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1886இல்தான் அவரால் இருக்கையில் அமர முடிந்தது. 1888இல் அவருடைய முயற்சியால் நிறைவேறிய சட்டம், ஆணைக்குப் பதில் உறுதிமொழி எடுக்கும் உரிமையை அனைவருக்கும் தந்தது.

இன்று நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இரண்டு வழிகளும் அருகருகே இருக்கின்றன. பதவியேற்பு விழாக்களில் சிலர் ஆண்டவன் பெயரால் ஆணையிடுகிறார்கள்; சிலர் உளமார உறுதி கூறுகிறார்கள். பிறகு அந்த வாக்கை மீறியவர்களை எண்ணிப் பார்த்தால், எவர் எந்த வழியில் பதவியேற்றார் என்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சாட்சியின் பெயரைச் சொல்வது சொல்லுக்குப் பிணையாவதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

*

நான் நம்பாதவனானதற்குப் பெரியாரின் எழுத்துகள் ஒரு காரணம். ஆனால் வாசிப்பு கதவைத் திறந்தது மட்டும்தான். அதன் வழியே நான் வெளியே நடந்தது 2004ஆம் ஆண்டில். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. அவ்வாண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். வேளாங்கண்ணிக் கடற்கரையில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். பேராலயத்துக்குள் நீர் புகவில்லை என்பதை அற்புதம் என்று பேசியவர்களும் இருந்தார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. உயிர் தப்பியவன் எதையாவது பற்றிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் படிக்கட்டுக்கு இந்தப் பக்கம் அற்புதம் என்றால், அந்தப் பக்கத்துக்கு என்ன பெயர் என்ற கேள்வியை என்னால் தாண்ட முடியவில்லை.

கும்பகோணம் எனக்கு வேறொன்றையும் கற்பித்தது. அச்செய்தியைக் கேட்ட எத்தனையோ பேர், 'விதி, வேறென்ன சொல்வது' என்றார்கள். துயரத்தில் சொல்லப்படும் சொல்தான். ஆனால் குழந்தைகள் இறந்தது விதியால் அல்ல. சத்துணவுக் கூடத்துத் தீ, ஓலைக்கூரை, நெருக்கமான வகுப்பறை, கண்டும் காணாமல் இருந்த அதிகாரம் ஆகியவற்றால் இறந்தார்கள். அதன்பின் பள்ளிகளில் ஓலைக்கூரைகள் அகற்றப்பட்டன. விதி என்று சொல்லும் கணத்தில், பொறுப்பேற்க வேண்டிய ஒருவன் கூட்டத்தில் நழுவிப் போய்விடுகிறான். என் இறைமறுப்பு தருக்கத்தில் தொடங்கியிருக்கலாம். அது எனக்கு ஓர் ஒழுக்கமாக மாறியது இந்த இடத்தில்தான். யாரும் மேலிருந்து பார்த்துக்கொள்ளப் போவதில்லை என்றால், பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

*

கடவுள் இல்லாமல் அறம் உண்டா என்று கேட்பவர்களுக்குத் தமிழ் மாணவன் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு. தமிழின் அற இலக்கியத்தில் பெரும்பகுதி, உலகைப் படைத்த கடவுள் என்ற கொள்கையை ஏற்காத சமயங்களைச் சேர்ந்தவர்களால் எழுதப்பட்டது. நாலடியார் சமணர் நூல். மணிமேகலை பௌத்தக் காப்பியம்; பசிப்பிணி நீக்குதலை அறத்தின் உச்சியில் வைத்த நூல். கொல்லாமையை நமக்குக் கற்பித்தவர்கள் படைப்புக் கடவுளின் கட்டளை என்று சொல்லி அதைக் கற்பிக்கவில்லை.

ஆனால் இந்தப் பதிலோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. சமணத்திலும் பௌத்தத்திலும் கடவுள் இல்லாவிட்டாலும் கணக்கு உண்டு. வினை உண்டு, மறுபிறப்பு உண்டு. கணக்கப்பிள்ளையை அனுப்பிவிட்டுக் கணக்கேட்டை வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். என்னைப் போன்றவனிடம் ஏடும் இல்லை. எனவே உண்மையான கேள்வி இதுதான்: கணக்கே இல்லாத இடத்தில் அறம் நிற்குமா?

நிற்கும் என்று சொன்ன குரல்களும் நம்மிடம் உள்ளன என்பதை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சி ஏற்படும். மேலுலகம் என்ற ஒன்று இல்லையென்றே வைத்துக்கொண்டாலும் கொடுப்பது நல்லது என்று கருதுகிறது குறள். ஆய் அண்டிரனைப் பாடும் முடமோசியார், இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று அறத்தை வியாபாரமாக்குகிறவன் அல்லன் அவன் என்கிறார். சான்றோர் சென்ற வழி இது, ஆகவே கொடுக்கிறான், அவ்வளவே. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர், பலன் கருதிச் செய்யும் அறத்தை வணிகம் என்று சற்று இகழ்ச்சியோடு பார்த்திருக்கிறார். இவர்கள் நாத்திகர்கள் அல்லர். அவர்களை என் கட்சியில் சேர்க்க நான் முயலவில்லை. ஆனால் கணக்கின்றியும் அறம் நிற்க முடியும் என்பது அவர்களுக்குப் புலப்பட்டிருந்தது.

கருத்தளவில் இதுவரை எல்லாம் எளிது. என் வாழ்க்கையில் இது சோதனைக்கு வந்தது ஒரு வாக்கின் வடிவில்.

*

என் அப்பா 2012இல் காலமானார். அதன்பின் ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அம்மா பாபநாசம் சென்றுவந்தார். தாமிரபரணிக் கரையில் அன்று நிற்க இடமிருக்காது. மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டம் ஒரு பக்கம், எள்ளும் நீரும் இறைக்க வந்த கூட்டம் ஒரு பக்கம். சித்தப்பா மகன் தர்ப்பணம் செய்வான். அம்மா கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நான் போவதில்லை. அம்மாவும் வற்புறுத்தியதில்லை. என் திருமணமே 2006இல் சீர்திருத்த முறையில், புரோகிதரும் தீயும் இல்லாமல், உறுதிமொழி வாசித்து நடந்தது. அன்று வராமல் போய்விடுவாரோ என்று பயந்த எனக்கு, முன்வரிசையில் உட்கார்ந்து பூத்தூவியவர் அவர்.

மூட்டுவலி முற்றிப் படியிறங்க முடியாமல் போன ஆண்டில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "இனி என்னால ஆத்துக்குப் போக முடியாதுய்யா. அப்பாவுக்கு நீதான் போயிச் செய்யணும். நான் போன பெறகு எனக்கும் சேத்துச் செய்யணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிரு. பொய் மட்டும் சொல்லாத" என்றார்.

எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். "நீ நம்ப வேண்டாம்யா. செஞ்சாப் போதும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பல ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம்பிக்கையே சமயத்தின் உயிர் என்று நாங்கள் இரு தரப்பாரும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். அம்மாவின் சமயத்தில் அது இரண்டாமிடத்தில்கூட இல்லை. அங்கே முதலில் இருந்தது செய்தல். அடுத்து யாருக்காகச் செய்கிறோம் என்பது. 'நம்பு' என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். இன்று அதே சொல்லைக் கடவுளுக்கும் பயன்படுத்துகிறோம், மனிதர்களுக்கும் பயன்படுத்துகிறோம். கடவுள் நம்பிக்கை என்கிறோம். நம்பிக்கைத் துரோகம் என்றும் சொல்கிறோம். முதலாவது என்னிடம் இல்லை. அதனாலேயே இரண்டாவதைச் செய்பவனாகிவிடுவேன் என்றுதான் லாக் சொன்னார்.

வாக்குக் கொடுத்தேன். கற்பூரம் இல்லை, யார்மேலும் ஆணை இல்லை. 'சரிம்மா, செய்கிறேன்' என்ற இரண்டு சொற்கள்தான். அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. என் சொல்லுக்குப் பிணை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

*

பாபநாசத்தில் முதன்முறை உட்கார்ந்தபோது கோத்திரம் கேட்டார்கள். தெரியாது என்றேன். சிவகோத்திரம் என்று அவரே போட்டுக்கொண்டார். அடுத்து மூன்று தலைமுறைப் பெயர்கள். அப்பா, தாத்தா, பூட்டன் பெயர்கள் தெரிந்திருந்தன. பெண்கள் வரிசையில் பாட்டியோடு நின்றுவிட்டேன். பூட்டியின் பெயர் தெரியவில்லை. கரையிலிருந்தே அத்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். அந்தப் பெயரை உரக்கச் சொல்லிப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்க வேண்டும். எந்தப் பத்திரத்திலும், எந்தக் கல்லிலும் இல்லாத ஒரு பெயர். நான் விட்ட நீர் யாரையும் சென்று சேரவில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பெயர் என்னிடம் வந்து சேர்ந்தது.

இதை ஆன்மிக அனுபவம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். கண்ணீர் மல்கவில்லை, மெய் சிலிர்க்கவில்லை. வெயில் கடுமையாக இருந்தது. பக்கத்தில் ஒருவர் ஆற்றில் தம் பழைய வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொண்டிருந்தார். பரிகாரம் என்று துணிகளை ஆற்றில் விட்டுப் போகும் வழக்கம் அங்கே பெருகி, படித்துறை ஓரமெல்லாம் துணிமூட்டைகள் தேங்குவதும், ஆர்வலர்கள் இறங்கி அவற்றை வாரி எடுப்பதும் பலரும் அறிந்த செய்தி. என்னிடமும் துணியை விடச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கில் ஆற்றைக் கெடுப்பது இல்லை.

அம்மா 2022இல் இறந்தார். அதன்பிறகும் போகிறேன். எங்கள் பகுத்தறிவு வட்டத்து நண்பர்கள் இதைச் சும்மா விடவில்லை. ஒருவர் சொன்னது கனமான வாதம்: 'நீ கொடுக்கும் தட்சிணை சிறியதுதான். ஆனால் கல்லூரி ஆசிரியன் நீ அங்கே உட்காருவது ஓர் அமைப்புக்குச் சான்றிதழ். உயிரோடிருந்தவரை அம்மாவுக்காகச் செய்தாய், சரி. இப்போது யாருக்காக?' என்றார்.

இப்போது யாருக்காக என்பதே என் கட்டுரையின் மையக் கேள்வி. வாக்குக் கேட்டவர் இல்லை. அவர் எங்கிருந்தோ பார்க்கிறார் என்று நான் நம்பவும் இல்லை. மீறினால் வருந்துவதற்கு ஆள் இல்லை. தண்டிக்கவும் ஆள் இல்லை. லாக் கற்பனை செய்த நாத்திகன் வாக்கிலிருந்து நழுவுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

வாக்கு என்பது கேட்பவரின் மகிழ்ச்சிக்காக மட்டும் என்றால், அவர் இறந்ததும் அது அவிழ்ந்துவிட வேண்டும். அப்படியானால் நினைவு தப்பிப்போனவருக்குக் கொடுத்த வாக்கும் அவிழ்ந்துவிடும். தூர தேசத்தில் இருப்பவருக்குக் கொடுத்ததும் அவருக்குத் தெரியாதவரை அவிழ்ந்தே இருக்கும். இதை யாரும் ஏற்பதில்லை. பழையனூர் நீலி கதையை நினைத்துப் பாருங்கள். வணிகனின் உயிருக்குப் பிணைநின்ற எழுபது வேளாளர்கள், அவன் நீலியால் கொல்லப்பட்டபின் தீப்பாய்ந்தார்கள் என்பது கதை. யாருக்கு வாக்குக் கொடுத்தார்களோ அவன் அப்போது உயிரோடில்லை. அந்த அளவுக்குப் போவதை நான் போற்றமாட்டேன். எந்த வாக்கும் எழுபது உயிர்களின் விலை பெறாது. அவர்கள் பக்தர்கள் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஊர் அவர்களை நினைவில் வைத்திருப்பது பக்திக்காக அல்ல. கேட்டவன் போனபின்னும் சொல் போகவில்லை என்பதற்காக.

அம்மா கடைசி ஆண்டுகளில் ஆற்றைப் பற்றிக் கவலையின்றி இருந்தார். அந்த நிம்மதி, நான் பின்னால் செய்யப்போகும் ஒன்றை முன்கூட்டியே நம்பி அவர் பெற்றது. அதை அவர் செலவழித்தும் விட்டார். இப்போது நான் போகாவிட்டால், அவர் வாழ்ந்த அந்த நிம்மதியைப் பொய்யாக்கியவனாவேன். கடந்த காலத்தை மாற்ற முடியாது என்பார்கள். ஆனால் அதை மெய்யாக வைத்திருப்பதும் பொய்யாக்குவதும் ஓரளவு நம் கையில் இருக்கிறது. என்னால் இதற்குமேல் ஆழமாகச் சொல்ல இயலவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கடவுள் தேவைப்படவும் இல்லை.

*

அப்படியானால் பெற்றவர் கேட்டதையெல்லாம் செய்துவிட வேண்டியதுதானா? இல்லை. அம்மா இன்னொன்றும் கேட்டார். அதற்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை.

2020இல் என் மகள் வயதுக்கு வந்தாள். சடங்கு செய்ய வேண்டும் என்றார் அம்மா. ஊரடங்கு முடிந்ததும் மண்டபம் பிடித்து, மாமன் சீர் வைத்து, மாலையிட்டு உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மகளிடம் கேட்டேன். 'எனக்கு வேண்டாம்பா, எல்லாரும் என்னையே பார்ப்பாங்க' என்றாள். நான் முடியாது என்று சொன்னேன். அம்மா பத்து நாள் என்னோடு பேசவில்லை. நம்பாமல் ஒன்றைச் செய்யத் துணிந்தவன் இன்னொன்றை ஏன் மறுக்கிறான் என்று அவருக்குப் புரியவில்லை. அப்போது எனக்கும் அதைத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்ல முடியும்.

ஒரு சடங்கு மெய்யா பொய்யா என்று நான் முதலில் கேட்பதில்லை. அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கிறேன். எள்ளும் நீரும் இறைப்பதற்கு விலை, ஆண்டில் ஒரு நாளும் என் கொள்கைப் பெருமையில் ஒரு துண்டும். அதை நான் கொடுக்கலாம், என்னுடையது. துணியை விடுவதற்கு விலை கொடுப்பது ஆறு. சடங்குக்கு விலை கொடுப்பவள் பன்னிரண்டு வயதுப் பெண். பிறர் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. அம்மாவின் மகிழ்ச்சிக்காகவும் இல்லை. ஒருவேளை மகளே ஆசைப்பட்டிருந்தால்? அப்போது எனக்கு இவ்வளவு எளிதாக இருந்திருக்காது. அந்த ஆசையை அவளுக்குள் வைத்தது யார் என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பேன். எந்த விதியும் எல்லா நேரத்திலும் கைகொடுப்பதில்லை. ஆத்திகர்களுக்கும் இதே கதிதான். வேதமும் ஆகமமும் கையில் இருந்தும், அவற்றை எப்படிப் படிப்பது என்று அவர்களும் தம் மனச்சாட்சியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நண்பரின் தட்சிணை வாதத்தையும் இதே தராசில்தான் நிறுக்கிறேன். நான் அங்கே உட்காருவதால் யாருக்கேனும் தீங்கு விளையும் என்று தெரிந்தால், சாதி சொல்லி ஒருவரை ஒதுக்கும் இடமாக அது இருந்தால், எழுந்துவிடுவேன். இந்த நிபந்தனையை வாக்குக் கொடுத்த அன்றே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவர் மறுக்கவில்லை.

*

சமயத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ஆழிப்பேரலையில் இறந்தவர்களை அடக்கம் செய்ய, சமய வேறுபாடு பார்க்காமல் நாகூர் தர்கா இடம் கொடுத்தது. வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறது. இவற்றையெல்லாம் மனிதநேயம் என்று பெயர் மாற்றி என் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள மாட்டேன். இறைவனை நம்பியவர்கள், இறைவன் பெயரால் செய்தவை இவை. மறுபுறம், நாத்திகம் அரசுக் கொள்கையான இடங்களில் நடந்தவற்றையும் என்னால் மறைக்க முடியாது. சோவியத் நாட்டில் தேவாலயங்கள் இடிக்கப்பட்டன, பாதிரியார்கள் கொல்லப்பட்டார்கள். கடவுள் இல்லை என்று கண்டுகொண்டவன் அதனாலேயே நல்லவனாகிவிடுவதில்லை.

அதே சமயம், நம் நாட்டில் கடவுளை மறுத்துப் பேசுவதற்கு விலை இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013இல் நரேந்திர தாபோல்கர், 2015இல் கோவிந்த் பன்சாரே, எம்.எம். கல்புர்கி, 2017இல் கௌரி லங்கேஷ் என்று மூட நம்பிக்கையையும் மதவெறியையும் எதிர்த்தவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில் இறைமறுப்பாளரான ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். பெரியார் பேசிய மண் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மண் இது. இவர்கள் மாற்றுக் கருத்தைச் சொன்னார்கள். யார் வழிபாட்டையும் தடுக்கவில்லை. மணிமேகலை பூதவாதியைப் பார்த்துச் சிரித்தாள். நீலகேசிகூட அச்சுறுத்தியதோடு நிறுத்திக்கொண்டாள். நம் காலம் வாதத்தை முடிக்கும் முறை வேறாகிவிட்டது.

ஆகவே நம்புகிறாயா என்ற கேள்வியைவிட, நம்பாதவனை, அல்லது வேறொன்றை நம்புபவனை என்ன செய்வாய் என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. என் அம்மா அந்தக் கேள்வியில் தேறியவர். நம்பாத மகனை அவர் கடைசிவரை நம்பினார்.

*

சென்ற ஆண்டு என் உடலை இறப்புக்குப்பின் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதென்று படிவம் எழுதினேன். விசாரித்தபோது ஒன்று தெரியவந்தது. நான் கையெழுத்திடுவது விருப்பத்தைத் தெரிவிப்பது மட்டுமே. நான் இறந்தபின் குடும்பத்தினர் சம்மதித்து உடலை ஒப்படைத்தால்தான் அது நிறைவேறும். அவர்கள் மறுத்துவிட்டால் கல்லூரி வந்து வாதாடப்போவதில்லை. அதாவது, கணக்கேடும் சாட்சியும் வேண்டாம் என்று வாழ்ந்தவனின் கடைசி விருப்பம் முழுக்க முழுக்கப் பிறர் கொடுக்கும் வாக்கில் நிற்கிறது. அதை அவர்கள் காப்பாற்றினார்களா என்று பார்க்க நான் இருக்கமாட்டேன்.

மகளுக்கு இப்போது பதினேழு வயது. உயிரியல் படிக்கிறாள். அவள் கோயிலுக்கும் போகிறாள். தேர்வு நாட்களில் திருநீறு பூசிக்கொள்கிறாள். அது அவள் உரிமை. படிவத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் படித்தாள். "அப்போ உங்களுக்கு ஆடி அமாவாசைக்கு யாரும் போக வேண்டாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்."

"எனக்குப் போகணும்னு தோணினா?"

"போ. ஆனால் துணியை மட்டும் ஆற்றில் விட்டுவிடாதே" என்றேன்.

சிரித்தாள். படிவத்தில் வாரிசுதாரர் என்ற இடத்தில் தன் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். ஓர் எழுத்துப்பிழை இருந்தது, திருத்தினாள். சத்தியம் செய் என்று நான் கேட்கவில்லை.